ஃபைல் டைம்ஸ்டாம்ப்: யூனிக்ஸ், விண்டோஸ், ஜிப் வடிவங்களுக்கிடையே பிழையில்லாமல் மாற்றுவது எப்படி

கீழே உள்ள எண்களைப் பாருங்கள்.

1700000000
133444736000000000
638355968000000000
3782844800
721692800
22383, 7530

எல்லாமே ஒரே நொடியைத்தான் சொல்கின்றன: இந்திய நேரப்படி 2023 நவம்பர் 15, அதிகாலை 3:43:20. உலகப் பொது நேரமான யூடிசியில் நவம்பர் 14, இரவு 22:13:20. வரிசைப்படி இவை யூனிக்ஸ் நொடி, விண்டோஸின் ஃபைல்டைம், டாட்நெட் டிக், மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ், ஆப்பிளின் கோகோ நேரம், ஜிப்பும், பென்டிரைவ்களில் உள்ள ஃபேட் கோப்பு முறைமையும் பயன்படுத்தும் டாஸ் தேதி-நேரம். இந்த ஆறையும் அப்படியே உங்கள் டெஸ்ட் ஃபைலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் ஒவ்வொரு கன்வர்ஷன் ஃபங்ஷனையும் இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதிப் பிழைகள் அங்கேயே மாட்டிவிடும்.

கையில் ஒரு எண் கிடைத்ததும் கணக்கில் இறங்கிவிடாதீர்கள். முதலில் மூன்று கேள்விகள். பூஜ்ஜியம் எந்தத் தேதியில் இருக்கிறது? ஒரு அலகு எவ்வளவு நேரம்? அது யூடிசியா, உள்ளூர் நேரமா? முதல் இரண்டில் தவறினால் விடை பல ஆண்டுகள் தள்ளிப்போகும், உடனே கண்ணில் படும். மூன்றாவதில் தவறினால் சில மணி நேரம்தான் தள்ளும். பார்வைக்குச் சரியான தேதி போலவே இருக்கும், அதனால் புரொடக்‌ஷன் வரை போய்விடும். நேரம் தொடர்பான பிழைகளில் அதிகம் சிரமப்படுத்துவது இந்த மூன்றாவது வகைதான்.

எண்ணைப் பார்த்தே வடிவத்தை ஊகிப்பது

இன்றைய தேதிகளுக்கு இலக்கங்களின் எண்ணிக்கையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். யூனிக்ஸ் நொடி 10 இலக்கம், மில்லிநொடி 13, மைக்ரோநொடி 16, நானோநொடி 19. ஃபைல்டைம் 18 இலக்கம், 13 என்று தொடங்கும். டாட்நெட் டிக்கும் 18 இலக்கம்தான், ஆனால் 63 அல்லது 64 என்று தொடங்கும். 13 என்று தொடங்கி 17 இலக்கம் இருந்தால், அது 1601 முதல் எண்ணிய மைக்ரோநொடி. குரோம் உலாவியின் வரலாற்று டேட்டாபேஸில் இருப்பது இதுதான். 9 இலக்கம் என்றால் கோகோ நேரமாக இருக்கலாம். எச்எஃப்எஸ் பிளஸ் 10 இலக்கம், 37 அல்லது 38 என்று தொடங்கும்.

தவறான விடையும் ஒரு தடயம்தான். 1970 ஜனவரி 1 காலை 5:30 என்று வந்தால், யூனிக்ஸ் பூஜ்ஜியத்தை இந்திய நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மதிப்பு வந்து சேரவே இல்லை. 1970 ஜனவரி 20 என்று வந்தால், நொடியை மில்லிநொடி என்று எடுத்துக்கொண்டிருக்கிறது நிரல். அதுவே தலைகீழானால் ஆண்டு 55,000-ஐத் தாண்டும். 1601 ஜனவரி 1 என்றால் ஃபைல்டைம் பூஜ்ஜியம். 1979 நவம்பர் 30 என்ற விசித்திரமான தேதி டாஸ் பூஜ்ஜியத்திலிருந்து வருவது: 1980-இன் பூஜ்ஜியமாவது மாதம் என்பது 1979 டிசம்பர், அதன் பூஜ்ஜியமாவது நாள் நவம்பர் 30.

சூத்திரங்கள்

எந்த வடிவத்திலிருந்து எந்த வடிவத்துக்குப் போனாலும் நடுவில் யூனிக்ஸ் நேரத்தைத் தொட்டுப் போவதே நல்லது. ஆறு வடிவங்களுக்கு முப்பது நேரடி ஃபங்ஷன் எழுதினால் அவற்றில் ஒன்றிரண்டு நிச்சயம் தப்பாகும்.

யூனிக்ஸ் நொடி = (ஃபைல்டைம் − 116444736000000000) ÷ 10000000
யூனிக்ஸ் நொடி = (டாட்நெட் டிக் − 621355968000000000) ÷ 10000000
யூனிக்ஸ் நொடி = எச்எஃப்எஸ் பிளஸ் − 2082844800
யூனிக்ஸ் நொடி = கோகோ + 978307200

முதல் எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மறந்தாலும் நீங்களே போட்டுவிடலாம். ஃபைல்டைம் 1601 ஜனவரி 1-இலிருந்து 100 நானோநொடிகளை எண்ணுகிறது. கிரிகோரியன் நாள்காட்டியின் 400 ஆண்டுச் சுழற்சி தொடங்கும் ஆண்டு 1601. அங்கிருந்து 1970 வரை 369 ஆண்டுகள், அதில் 89 லீப் நாட்கள், ஆக 134774 நாட்கள். 86400-ஆல் பெருக்கினால் 11644473600 நொடிகள். ஒரு நொடிக்கு ஒரு கோடி அலகு என்பதால் பின்னால் ஏழு பூஜ்ஜியம். எச்எஃப்எஸ் பிளஸ் 1904 ஜனவரி 1-இலும், கோகோ 2001 ஜனவரி 1-இலும் தொடங்குகின்றன.

பூமியின் சுழற்சியோடு கடிகாரத்தை ஒத்துவைக்க அவ்வப்போது சேர்க்கும் லீப் நொடிகளுக்காக எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். 1972 முதல் 27 லீப் நொடிகள் சேர்க்கப்பட்டுள்ளன என்பது உண்மைதான். ஆனால் யூனிக்ஸ் நேரம் ஒவ்வொரு நாளையும் சரியாக 86400 நொடி என்றே எண்ணுகிறது. மேலே உள்ள மாறிலிகளும் அந்தக் கணக்கில்தான் அமைந்தவை.

இடைநிலை மதிப்பை எதில் வைப்பது? 64 பிட் முழு எண்ணில் நானோநொடியாக வைக்கத் தோன்றும். அது 1677 செப்டம்பர் முதல் 2262 ஏப்ரல் வரைதான் தாங்கும். ஃபைல்டைம் பூஜ்ஜியமாக உள்ள கோப்பு ஒன்று வந்தால் 1601-க்குப் போக வேண்டும், அங்கே ஓவர்ஃப்ளோ ஆகி எங்கோ ஒரு நூற்றாண்டில் போய் விழும். அதனால் நொடி ஒரு 64 பிட் எண்ணிலும், மிச்ச நானோநொடி 0 முதல் 999999999 வரை இன்னொரு எண்ணிலும் என்று ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸின் டைம்ஸ்பெக் அமைப்பும் இப்படித்தான் இருக்கிறது.

வகுத்தலில் ஒரு பொறி உண்டு. சி, ஜாவா, சி ஷார்ப் மொழிகளில் முழு எண் வகுத்தல் பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டும். பைத்தானின் இரட்டைச் சாய்கோடு கீழ்நோக்கி இறங்கும். 1970-க்கு முந்தைய நேரங்களில் இரண்டும் வேறு விடை தரும். உதாரணமாக 116444735995000000 என்ற ஃபைல்டைம், எபோக்குக்கு, அதாவது யூனிக்ஸ் பூஜ்ஜியத்துக்கு, அரை நொடி முன்னால் உள்ளது. கழித்தால் −5000000. சி மொழியில் வகுத்தால் ஈவு 0, மீதி −5000000. நானோநொடிப் பகுதி எதிர்மறையாகிவிடும், அதை அப்படியே டைம்ஸ்பெக்கில் போட்டால் பிழைதான் கிடைக்கும். சரியான விடை நொடி −1, நானோநொடி 500000000. மீதி எதிர்மறையாக வந்தால் ஈவில் 1 குறைத்து, மீதியோடு ஒரு கோடியைக் கூட்டுங்கள், அதை 100-ஆல் பெருக்கினால் நானோநொடி. ஜாவாவில் இதற்கென்றே ஃப்ளோர்டிவ், ஃப்ளோர்மாட் இருக்கின்றன.

ஃபைல்டைம் பெரும்பாலும் இரண்டு 32 பிட் துண்டுகளாக, மேல் பாதி, கீழ் பாதி என்று வரும். மேல் பாதியை முதலில் 64 பிட்டாக அகலப்படுத்தி, பிறகு 32 இடம் நகர்த்தி, கீழ் பாதியைக் குறியற்ற எண்ணாகச் சேர்க்க வேண்டும். அகலப்படுத்தாமல் நகர்த்தினால் மேல் பாதி காணாமல் போகும். கீழ் பாதியைக் குறியுடைய எண்ணாக எடுத்துவிட்டால், அதன் உச்ச பிட் 1 ஆக இருக்கும் நேரமெல்லாம் விடை சுமார் 7 நிமிடம் 9 நொடி குறையும். இது சுழன்று சுழன்று வரும்: சுமார் மூன்றரை நிமிடம் சரியாக இருக்கும், அடுத்த மூன்றரை நிமிடம் தப்பாக இருக்கும். பத்துக் கோப்புகளில் ஐந்து மட்டும் தவறினால் முதலில் இங்கே பாருங்கள். அந்த அமைப்பின் பாயின்டரை நேரடியாக 64 பிட் எண்ணின் பாயின்டராக மாற்றுவதையும் தவிருங்கள். அலைன்மென்ட் சிக்கல் வரும் என்று மைக்ரோசாஃப்ட்டே எச்சரிக்கிறது.

மிதவை எண்ணை நம்ப வேண்டாம்

பைத்தானில் ஸ்டாட் (கோப்பின் விவரங்களைத் தரும் ஃபங்ஷன்) எடுத்தால் கிடைக்கும் மாற்ற நேரம் ஒரு மிதவை எண் (ஃப்ளோட்). 64 பிட் மிதவையில், இன்றைய யூனிக்ஸ் நேரத்தின் அளவில், அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு இடையே சுமார் 238 நானோநொடி இடைவெளி இருக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை 100 நானோநொடி வரை துல்லியம் தருகிறது, லினக்ஸின் எக்ஸ்ட்4 ஒரு நானோநொடி வரை. படித்ததை அப்படியே திருப்பி எழுதினாலும் கடைசி இலக்கங்கள் மாறிவிடும். பிறகு இரண்டையும் 'சமமா?' என்று கேட்டால் இல்லை என்றே விடை வரும், பேக்கப் நிரல் எல்லாக் கோப்புகளையும் மறுபடி நகலெடுக்கத் தொடங்கும். அதே ஸ்டாட்டில் நானோநொடியை முழு எண்ணாகத் தரும், என்எஸ் என்று முடியும் புலம் இருக்கிறது. எழுதும்போதும், கோப்பின் நேரத்தை வைக்கும் யூடைம் ஃபங்ஷனுக்கு என்எஸ் வழியாகவே கொடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் இது இன்னும் மோசம். அங்கே எண் 9007199254740992 வரைதான் துல்லியம். ஃபைல்டைமும் நானோநொடியும் அதைத் தாண்டியவை. நோட்.ஜேஎஸ்ஸில் ஸ்டாட் அழைக்கும்போது பிக்இன்ட் விருப்பத்தை இயக்குங்கள். ஜேசன் வழியாக 18 இலக்க எண்ணை அனுப்புவதானால் மேற்கோளுக்குள் சரமாக அனுப்புங்கள்.

சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்து சேமிக்கும் பழக்கமும் இதே கேட்டைச் செய்யும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. அதைவிட, செல்லில் 1.33445 × 10¹⁷ என்ற அடுக்குக்குறி வடிவம் தெரிகிறதே, சிஎஸ்வியாகச் சேமித்தால் அதுவே எழுதப்படும். அப்போது கடைசியாக நிற்கும் இலக்கத்தின் மதிப்பு ஒரு லட்சம் நொடி, அதாவது ஒரு நாளுக்கும் மேல். அந்த நெடுவரிசையை உரையாக இறக்குமதி செய்தால் தப்பிக்கலாம்.

டாஸ் நேரம்: உண்மையான தலைவலி

ஃபேட் பென்டிரைவும் ஜிப் கோப்பும் தேதிக்கு 16 பிட், நேரத்துக்கு 16 பிட் ஒதுக்குகின்றன. தேதியில் மேல் 7 பிட் ஆண்டு (1980-இலிருந்து), அடுத்த 4 பிட் மாதம், கீழ் 5 பிட் நாள். நேரத்தில் மேல் 5 பிட் மணி, அடுத்த 6 பிட் நிமிடம், கீழ் 5 பிட்டில் நொடியின் பாதி. ஐந்து பிட்டில் 31-க்கு மேல் எழுத முடியாது என்பதால்தான் பாதி.

நம் உதாரணத்தைப் பிரித்துப் பார்க்கலாம். 22383-ஐ 512-ஆல் வகுத்தால் ஈவு 43, மீதி 367. 1980 + 43 = 2023. 367-ஐ 32-ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 15: நவம்பர் 15. நேரம் 7530: 2048-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 1386. அதை 32-ஆல் வகுத்தால் ஈவு 43, மீதி 10. மீதியை இரட்டிப்பாக்கினால் 20. ஆக 3:43:20. ஜிப் ஹெடரில் நேரம் முதலிலும் தேதி அடுத்தும் லிட்டில் எண்டியனில் (கீழ் பைட் முதலில்) இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே 32 பிட் எண்ணாகப் படித்தால் 1466899818 வரும். இது யூனிக்ஸ் நொடி போலவே 10 இலக்கம் என்பதால் பலரும் ஏமாறுவார்கள். அப்படி மாற்றினால் 2016 ஜூன் மாதத்துக்குப் போய்விடும்.

இனித்தான் சிக்கல். 3:43:20 என்பது எந்த ஊர் நேரம்? டாஸ் வடிவத்தில் அதற்குப் பதில் இல்லை. கோப்பை உருவாக்கிய கணினியின் சுவர்க்கடிகாரம் காட்டியது அது, அவ்வளவுதான். சென்னையில் செய்த ஜிப்பை யூடிசியில் ஓடும் கிளவுட் சர்வரில் பிரித்தால் எல்லாக் கோப்பும் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்துக்குப் போகும். மேக் (make) போன்ற பில்ட் கருவிகள் 'கோப்பின் நேரம் எதிர்காலத்தில் உள்ளது' என்று புலம்புவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

செய்ய வேண்டியது இது. முதலில் ஜிப்பின் எக்ஸ்ட்ரா ஃபீல்டில் (கூடுதல் தகவல்களுக்கான இடம்) தேடுங்கள். அடையாள எண் 21589 (பதினாறடியில் 5455) கொண்ட பகுதி இருந்தால், அதில் யூனிக்ஸ் நொடி யூடிசியிலேயே இருக்கும். அடையாள எண் 10 என்றால் என்டிஎஃப்எஸ் பகுதி, அதில் முழு ஃபைல்டைம் இருக்கும். இவற்றில் ஒன்று இருந்தால் டாஸ் நேரத்தைத் தொடவே வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்று: ஜிப்பின் கடைசியில் உள்ள மையப் பட்டியலில் 21589 பகுதி மாற்ற நேரத்தை மட்டுமே வைத்திருக்கும். கொடிகள் மூன்று நேரங்கள் உண்டு என்று சொன்னாலும் நீளத்தைப் பார்த்துப் படியுங்கள், இல்லையென்றால் அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடுவீர்கள்.

எக்ஸ்ட்ரா ஃபீல்டு இல்லையென்றால், எந்த நேர மண்டலத்தில் உருவானது என்பதை வெளியிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும். அதைப் பயனரிடமிருந்து ஒரு அளவுருவாகக் கேளுங்கள். ஓடும் கணினியின் மண்டலத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்கும்போதும் +05:30 என்ற நிலையான வித்தியாசத்தைக் கேட்காமல், ஏசியா/கொல்கத்தா, ஏசியா/கொலம்போ போன்ற மண்டலப் பெயராகக் கேளுங்கள். இலங்கை இதற்கு நல்ல உதாரணம். 1996 மே மாதம் அங்கே கடிகாரத்தை +06:30-க்கு மாற்றினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் +06:00 ஆனது, 2006 ஏப்ரலில்தான் மறுபடி +05:30-க்குத் திரும்பினார்கள். கொழும்பில் 2000-இல் உருவான ஒரு ஜிப்பை இன்றைய +05:30 வைத்து மாற்றினால் ஒவ்வொரு கோப்பும் அரை மணி நேரம் பிந்தியதாகக் காட்டும். மண்டலப் பெயரைக் கொடுத்தால் டைம்சோன் டேட்டாபேஸ் அந்த வரலாற்றைத் தானே பார்த்துக்கொள்ளும்.

பைத்தானின் ஜிப்ஃபைல் நூலகம் இந்த எக்ஸ்ட்ரா ஃபீல்டைப் படித்து நேரமாகத் தருவதில்லை. டாஸ் மதிப்பை ஆறு எண்களின் டியூப்பிளாக மட்டும் தரும். பிரித்தெடுக்கும்போது கோப்பின் பழைய நேரத்தையும் வைக்காது, அதை நீங்களேதான் யூடைம் மூலம் வைக்க வேண்டும். 1980-க்கு முந்தைய நேரம் கொண்ட கோப்பைச் சேர்க்கப்போனால் வேல்யூஎரர் வீசும். நேரத்தைப் பூஜ்ஜியமாக்கும் பில்ட் அமைப்புகளின் கோப்புகள் இங்கே மாட்டும். பைத்தான் 3.8 முதல் ஸ்டிரிக்ட் டைம்ஸ்டாம்ப்ஸ் விருப்பத்தை அணைத்தால் அவை 1980 ஜனவரி 1 ஆகிவிடும்.

டார் கோப்பில் இந்த வம்பு இல்லை, யூனிக்ஸ் நொடிதான். ஆனால் அது எண்மக் குறியீட்டில் எழுத்துகளாக இருக்கும்: நம் உதாரணம் 14524770400 என்று தெரியும். தசமம் என்று படித்தால் 2430-ஆம் ஆண்டு.

உள்ளூர் நேரமும் பகல் சேமிப்பும்

இந்தியாவில் எழுதி இந்தியாவிலேயே சோதிக்கும் நிரலில் டேலைட் சேவிங் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பது) பிழை வெளியே தெரியாது. வருடம் முழுக்க +05:30. நியூயார்க்கில் 2023 நவம்பர் 5 அன்று 1:30 என்ற நேரம் இரண்டு முறை வந்தது. டாஸ் நேரத்தில் 1:30 என்று இருந்தால் அது எந்த 1:30 என்று யாராலும் சொல்ல முடியாது. பைத்தானில் ஃபோல்ட் என்ற பண்பு இதற்காக 3.6-இல் வந்தது: 0 முதல் முறை, 1 இரண்டாவது முறை. எதைத் தேர்ந்தாலும் பரவாயில்லை, எப்போதும் ஒன்றையே தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸ் ஏபிஐயில் ஃபைல்டைம்டுலோக்கல்ஃபைல்டைம் என்ற ஃபங்ஷனை ஒதுக்கிவிடுங்கள். அது கோப்பின் தேதியில் இருந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. இன்று என்ன வித்தியாசமோ அதைப் போடுகிறது. கோடையில் உருவான கோப்பைக் குளிர்காலத்தில் பார்த்தால் ஒரு மணி நேரம் மாறித் தெரியும். முதலில் ஃபைல்டைம்டுசிஸ்டம்டைம், பிறகு சிஸ்டம்டைம்டுடிஇசட்ஸ்பெசிஃபிக்லோக்கல்டைம் என்று இரண்டு படியாகப் போனால் சரியான விடை வரும். டாட்நெட்டில் ஃபைல்டைமைப் படிக்க, பெயரின் முடிவில் யூடிசி என்று வரும் ஃபங்ஷனையே பயன்படுத்துங்கள். பைத்தானில் யூடிசிஃப்ரம்டைம்ஸ்டாம்ப் மண்டலம் இல்லாத மதிப்பைத் தருகிறது, அடுத்த வரியில் அதை யாரோ உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்வார்கள். 3.12-இல் அதைக் கைவிடத் தொடங்கிவிட்டார்கள். ஃப்ரம்டைம்ஸ்டாம்ப்புக்கு யூடிசி மண்டலத்தை வெளிப்படையாகக் கொடுங்கள்.

ஐஎஸ்ஓ 8601 சரமாக எழுதும்போது கடைசியில் வித்தியாசத்தைச் சேர்க்க மறக்க வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் 2023-11-15 என்ற வெறும் தேதியை யூடிசி நள்ளிரவாகவும், அதோடு மணியைச் சேர்த்து மண்டலத்தை விட்டுவிட்டால் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்ளும்.

திருப்பி எழுதும் வரிசை

மாற்றிய நேரத்தைக் கோப்பில் வைப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். உள்ளடக்கத்தை எழுதி, கோப்பை மூடி, பிறகு நேரத்தை வையுங்கள். மூடுவதற்கு முன் வைத்தால் பஃபரில் தங்கியிருக்கும் எழுத்து பின்னால் போய்ச் சேர்ந்து நேரத்தை அழித்துவிடும். கோப்புறைகளுக்கு எல்லாக் கோப்புகளும் முடிந்தபின், உள்ளிருந்து வெளியே வரும் வரிசையில் வையுங்கள். உள்ளே ஒரு கோப்பு உருவானாலே கோப்புறையின் நேரம் மாறிவிடும்.

சிடைம் என்ற பெயரைக் கண்டால் நிதானியுங்கள். யூனிக்ஸில் அது ஐநோட் (கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) கடைசியாக மாறிய நேரம். அதை நாம் விரும்பியபடி வைக்க வழியில்லை. விண்டோஸில் பைத்தான் அதே பெயரில் உருவாக்கிய நேரத்தைத் தந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒன்று என்று நினைத்து விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றும் நிரல்கள் ஏராளம். விண்டோஸின் செட்ஃபைல்டைமுக்குப் பூஜ்ஜியம் கொடுத்தால் 1601 என்று எழுதாது, அந்த நேரத்தை மாற்றாமல் விட்டுவிடும்.

எழுதியபின் மறுபடி படித்து ஒப்பிடும்போது, இலக்குக் கோப்பு முறைமையின் துல்லியத்துக்குள் ஒப்பிடுங்கள். ஃபேட்டில் மாற்ற நேரம் 2 நொடி. அணுகிய நேரத்துக்கு வெறும் தேதி மட்டும். ஒற்றைப்படை நொடியைச் சில நிரல்கள் கீழே இறக்கும், சில மேலே ஏற்றும். கோப்புகளை நகலெடுக்கும் கருவிகளில், ஆர்சிங்கில் மாடிஃபை விண்டோ 1 என்று வைப்பதும், ரோபோகாப்பியில் எஃப்எஃப்டி விருப்பமும் இதற்காகவே உள்ளன. ரோபோகாப்பியின் டிஎஸ்டி விருப்பம் ஒரு மணி நேர வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் விடும்.

சோதிப்பது

லினக்ஸில் டேட் கட்டளைக்கு யூடிசி விருப்பத்தோடு @1700000000 என்று கொடுத்தால் தேதி வரும். விண்டோஸில் டபிள்யூ32டிஎம் கட்டளைக்கு என்டிடிஇ விருப்பத்தோடு 18 இலக்க ஃபைல்டைமைக் கொடுக்கலாம். இவை இரண்டும் உங்கள் நிரலுக்கு வெளியே இருக்கும் சாட்சிகள்.

டெஸ்டில் மேலே சொன்ன எண்களோடு இவற்றையும் சேருங்கள்: பூஜ்ஜியம், −1, 2147483647-உம் அதற்கடுத்த நொடியும் (32 பிட் நேரம் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பும் இடம்), எச்எஃப்எஸ் பிளஸ் நிரம்பும் 4294967295, அது 2040 பிப்ரவரி 6, ஃபைல்டைம் பூஜ்ஜியம், நொடியில் பின்னமுள்ள 1970-க்கு முந்தைய ஒரு நேரம், டாஸில் 2107 டிசம்பர் 31. பிறகு முழு டெஸ்டையும் டைம்சோன் மாறியை யூடிசி, ஏசியா/கொல்கத்தா, அமெரிக்கா/நியூயார்க் என்று மாற்றி மூன்று முறை ஓட்டுங்கள். டாஸ் தொடர்பானவை தவிர வேறு ஏதாவது ஒன்றின் விடை மண்டலத்துக்கு மண்டலம் மாறினால், எங்கோ ஒரு வரியில் மண்டலமில்லாத மதிப்பு ஒளிந்திருக்கிறது. தேடலை ஃப்ரம்டைம்ஸ்டாம்ப் அழைப்புகளிலிருந்து தொடங்குங்கள்.